சிறு சொல் செய்யும் ஜாலம்

நண்பர் ஒருவரின் குமாரருக்கு உத்தியோகப் பேட்டி குறித்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. அதில் ‘புட் ஆஃப்’ என்றிருக்கக் கண்டு, தம்மைத் தள்ளிவிட்டார்கள் என்றெண்ணிய பிள்ளையாண்டான் அன்று சாப்பிடவேயில்லை. பேட்டியைத்தான் ஒத்திப்போட்டிருந்தார்கள்!

‘புட்’ என்றால் வை; ‘ஆஃப்’ என்றால் அப்பால். இரண்டும் சேர்ந்ததும் புது அர்த்தம் பிறந்துவிடுகிறது. அந்நியர்க்கு இது பெருஞ் சங்கடம் என்று 1755-ல் வெளியான தம் அகராதியின் முகவுரையிலேயே டாக்டர் ஜான்ஸன் ஒப்புக்கொண்டார்.

நமக்கு இது புதிதா? ‘விட்டுக்கொடு’ என்பதில் விடுதல் எங்கே, கொடுத்தல் எங்கே? ‘முழுதும் விட்டுக்கொடுத்தான்’ என்போம். ‘விட்டு முழுதும் கொடுத்தான்’ என்றால் கருத்தே மாறிவிடும். அவ்வாறே, புகைபிடிப்பதை அறவே விட்டவனை ‘ஹீ கம்ப்ளீட்லி கேவ் அப் ஸ்மோக்கிங்’ என்க. ‘கேவ் கம்ப்ளீட்லி அப்’ என்னற்க. வேண்டுமாயின் ‘கம்ப்ளீட்லி’ வாக்கியத்தின் கடைசியில் வரலாம். ஆனால், நேரே திரும்பி வா என்னும் ‘கம் ஸ்ட்ரெய்ட் பாக்’கில் ‘ஸ்ட்ரெய்ட்’ நடுவே புகுகிறது. அங்கே இரு சொற்களும் தத்தம் பொருளை இழக்கவில்லை யன்றோ?

ஆகவே, நேயர்களே, வினைச்சொல்லை அதன் துணைச்சொல்லோடு சேர்த்தே மனனம் செய்யுங்கள். ஒரு வேளைப் பட்டினியாவது தப்பும்!