அடுப்பேறா உணவு

சாலட் என்றதும், அது பெரிய ஓட்டல்களின் பண்டம் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். கொய்யாவும் வெள்ளரியும் கேரட்டும் கிடைக்கும் எந்த வீட்டிலும் அது செய்யத்தக்கதே என்பது நம் கருத்து.

2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுவரை உள்ள பெண்களில் 100க்கு 59 பேருக்கு இரத்தசோகை. கீரையிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க வைட்டமின் சி துணைபுரிகிறது. வேகவைத்தால் பெரிதும் குறைந்துவிடும் இச்சத்து, கொய்யாவில் ஆரஞ்சைவிட மிகுதி.

2 கேரட், 1 வெள்ளரி, 2 செங்காய்க் கொய்யா ஆகியவற்றைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து நறுக்குவோம். ஒரு மூடித் தேங்காயின் கெட்டியான முதற்பாலில் எலுமிச்சைச் சாறு, மிளகுத்தூள், உப்பு கலந்து தனியே வைப்போம். உண்ணும்போதுதான் இரண்டையும் சேர்க்க வேண்டும். முன்னரே சேர்த்தால், உப்பு காயின் நீரை இழுத்துவிடும். நறுக்கென்று கடிபட வேண்டியது துவண்டுபோகும்.

தோழியரே, கால் மணி நேர வேலைதான். கீரைச் சோற்றுடன் ஒரு கிண்ணம் இதையும் உண்போம். நம் நலத்தை நாமே பேணுவோம்!