நமக்குத் தேவை பட்டன் வைத்த ஜீ.பீ.எஸ்



நம்மட கழகத்துத் தம்பிமார் மலையேறப் போகும்போது கொண்டுபோக ஒரு கையடக்க ஜீ.பீ.எஸ் வாங்கவென்று காசு சேர்க்கிறார்கள். வட்ஸ்அப் குழுமத்தில் மூன்று நாளாக இதுதான் கதை. "போன் இரிக்கக்குள்ள இது என்னத்துக்கு?" என்று ஒரு பக்கம். "வாங்குறண்டா டச் ஸ்கிரீன், கலர் மெப் உள்ளதா வாங்குவம்" என்று இன்னொரு பக்கம். "மலைக்கே போக வேணாம்" என்று பெற்றோர் பக்கம். குழுமத்தில் எழுதினால் குட்மோர்னிங் படங்களுக்குள் காணாமல் போய்விடும் என்பதால் என் கருத்தை இங்கே எழுதுகிறேன். வாங்க வேண்டும். ஆனால் கடையில் இருப்பதிலேயே சாதாரணமானதை வாங்க வேண்டும்.

முதலில் பெற்றோருக்கு. ஏ.எல் பரீட்சை முடிந்ததும் வேன் பிடித்து மஹியங்கனை, பதினெட்டு வளைவு, ஹுன்னஸ்கிரிய தாண்டி மீமுரைக்குப் போகும் பிள்ளைகளை நாம் தடுத்து நிறுத்தப் போவதில்லை. தடுத்தால் சொல்லாமல் போவார்கள், அதுதான் வித்தியாசம். நக்கிள்ஸ் மலை 1,900 மீற்றர் வரை உயர்கிறது. காலையில் வெயில் எறிக்கும், பகல் சாப்பாட்டு நேரத்தில் மூடுபனி இறங்கி முன்னால் போகிறவனின் பேக் தெரியாது. பழைய ஏலத் தோட்டக் காலத்து ஒற்றையடிப் பாதைகள் பத்து இடத்தில் பிரியும். ஆளுயரப் புல்லுக்குள் எல்லாப் பாதையும் ஒரே மாதிரித்தான். இராணுவமும் பொலிஸும் இரவில் தேடிக் கூட்டி வந்த பிள்ளைகளின் செய்திகளை நாம் எல்லோரும் ஷெயார் பண்ணியிருக்கிறோம். அவர்களில் யாரும் காட்டுக்குள் தொலையும் எண்ணத்தோடு வேனில் ஏறவில்லை.

அடுத்தது போன் கதை. டவர் இல்லாவிட்டால் போனில் ஜீ.பீ.எஸ் வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். அது பிழை. செய்மதிச் சிக்னலுக்கு டேட்டாவும் வேண்டாம், டவரும் வேண்டாம். வரைபடத்தை மட்டும் வீட்டிலேயே இறக்கி வைத்திருக்க வேண்டும். அப்படியென்றால் ஏன் தனியாக ஒன்று? மலையில் டவர் தேடித் தேடியே போனின் சார்ஜ் இறங்கும், மிச்சத்தை வீடியோ முடிக்கும். ஈர விரலுக்கும் மழைத் துளிக்கும் டச் ஸ்கிரீன் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். எல்லாவற்றையும் விட, ஒருவன் கால் முறிந்து கிடந்தால் 119க்கோ 1990க்கோ பேச வேண்டியது அந்தப் போன்தான். வழி பார்த்தே அதைச் சாகடித்துவிட்டு என்ன செய்வது?

இனி எதை வாங்குவது. காட்டுக்குள் போகிறவனுக்குத் தேவை மூன்று வேலைதான். வேன் நிற்கும் இடத்தைக் குறித்து வைப்பது, நடந்த தடத்தைப் பதிவது, அதே தடத்தில் திரும்பக் கூட்டி வருவது. கார்மின் கம்பனி 2011இல் விட்ட ஈட்ரெக்ஸ் 10 என்ற கறுப்பு வெள்ளைத் திரை மொடலே இந்த மூன்றையும் செய்தது. ரெண்டு பென் டோர்ச் பட்டரியில் 25 மணித்தியாலம் ஓடும் என்பது கம்பனிக் கணக்கு. 2023இல் வந்த ஈட்ரெக்ஸ் எஸ்.ஈ.யும் கறுப்பு வெள்ளைதான், 168 மணித்தியாலம் என்கிறார்கள். பாதிதான் ஓடினாலும் நமக்குப் போதும். கலர் மெப் வேண்டும் என்பவர்களுக்கு 22எக்ஸ் இருக்கிறது, அதில் மைக்ரோ எஸ்.டி கார்டும் போடலாம். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மேலதிகக் காசுக்கு நல்ல ஹெட் லைட் நாலைந்து வாங்கலாம்.

பென் டோர்ச் பட்டரி போடும் மொடல்தான் வேண்டும் என்று நான் அடம் பிடிப்பதற்குக் காரணம், அது ஹுன்னஸ்கிரிய சந்திப் பெட்டிக் கடையிலும் கிடைக்கும். உள்ளே பொருத்திய பட்டரி இறங்கினால் காட்டில் எங்கே சொருகுவது? மலிவுப் பட்டரி மட்டும் வாங்கிவிடாதீர்கள், அல்கலைன் என்று கேட்டு வாங்குங்கள். பாவித்த மெஷின் வாங்குவதென்றால் பட்டரி மூடியைத் திறந்து துருவைப் பாருங்கள், சுற்றியிருக்கும் ரப்பர் கழன்றிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சில விஷயங்களை விற்பவர் சொல்ல மாட்டார். இந்த மெஷின் ரேடியோ மாதிரி, கேட்கும், பேசாது. "அது கையில இரிந்தா புள்ளையள் எங்க எண்டு தெரியும்தானே" என்று ஒரு உம்மா என்னிடம் கேட்டார். தெரியாது. செய்மதிக்கு உதவிச் செய்தி அனுப்பும் மெஷின்கள் வேறு, அவற்றுக்கு மாதா மாதம் கட்டணமும் உண்டு. அடுத்தது, விலை குறைந்த மொடல்கள் பலவற்றில் திசைகாட்டி இல்லை. நடந்தால்தான் அம்புக்குறி சரியாகத் திரும்பும், நின்ற இடத்தில் சுற்றினால் திரும்பாது. நம்மூரிலிருந்து கிப்லா ஏறத்தாழ 294 பாகை. அதை இந்த அம்புக்குறியை நம்பி நின்றபடி பிடிக்கப் பார்த்தால் எங்கோ பார்த்துத் தொழ வேண்டிவரும். ஒரு சின்னத் திசைகாட்டியும் பேக்கில் இருக்கட்டும்.

இன்னொன்று, வேன் 400 மீற்றரில் என்று காட்டும். இடையில் பள்ளத்தாக்கு இருப்பது அதற்குத் தெரியாது, அது நேர்கோட்டில்தான் சொல்லும். அந்தக் கோட்டைப் பிடித்து இறங்குவதுதான் ஆபத்து. வந்த தடத்தில்தான் திரும்ப வேண்டும்.

119க்கு இடம் சொல்லும்போதும் கவனம். 7.30 பாகை வேறு, 7 பாகை 30 கலை வேறு. இரண்டுக்கும் இடையில் 22 கிலோமீற்றர். கணிதத்தில் ஏ எடுத்த பிள்ளையும் பதற்றத்தில் இதைக் குழப்பும். நில அளவைத் திணைக்களத்தின் பழைய தாள் வரைபடத்தோடு சேர்த்துப் பார்ப்பதென்றால் செட்டிங்கில் கண்டாவளை என்பதைத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் நிற்கும் இடம் வரைபடத்தில் நூற்றுக்கணக்கான அடி தள்ளி விழும்.

இதையெல்லாம் யார் படிப்பிப்பது என்று கேட்காதீர்கள். ஆழ்கடலுக்குப் போகும் நம்மட காக்காமாருக்கு ஜீ.பீ.எஸ் புதிதல்ல. கரையே தெரியாத கடலில் வலை போட்ட இடத்துக்குப் போய், பிறகு வீட்டுக்கு வருகிறவர்கள். அவர்களில் இரண்டு பேரை ஒரு நாள் அஸருக்குப் பிறகு மைதானத்துக்குக் கூப்பிடுங்கள். புள்ளி குறிப்பது, தடத்தில் திரும்புவது, ஓரிடத்தின் எண்ணைப் பிழையில்லாமல் வாசிப்பது, இவ்வளவும் ஒரு மணித்தியால வேலை.

கழகத்துக்கு என் யோசனை இதுதான். மெஷின் கழகத்தின் பொருளாக இருக்கட்டும், ஒருவர் வீட்டு அலுமாரிக்குப் போக வேண்டாம். மைதானத்தில் செய்து காட்டிய இரண்டு பேர் குழுவில் இருந்தால் மட்டும் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். உள்ளூர் வழிகாட்டியும் அனுமதிச் சீட்டும் இல்லாமல் போகும் குழுவுக்குக் கொடுக்கவே வேண்டாம். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை ஒரு துண்டில் எழுதி வீட்டில் வைத்துவிட்டுப் போகட்டும், ஏனென்றால் மெஷின் அதைச் சொல்லாது.

என் பங்கை ஜும்ஆவுக்குப் பிறகு பொருளாளரிடம் தருகிறேன். டச் ஸ்கிரீன்தான் வாங்குவதென்று முடிவானால், என் காசுக்கு பென் டோர்ச் பட்டரியும் ஹெட் லைட்டும் வாங்கிக் கொள்ளுங்கள் தம்பிமாரே.