விதியின் தலையில் ஒரு வீண்பழி

“சர்க்கரை வியாதி வந்துவிட்டால் பல் ஆடுவதும் விழுவதும் சகஜந்தானே” என்று சொல்லி, பல் துலக்கும்போது எச்சிலோடு வரும் இரத்தத்திற்கு உடம்புச் சூட்டைக் காரணம் காட்டி, உள்ள பற்களை ஒவ்வொன்றாக இழந்த பின் வயதின்மீது பழியைப் போட்டு அமைதியடையும் மனோபாவம், படித்தவர் பாமரர் என்ற பேதமின்றி நம்மிடையே பரவியிருக்கிறது. இதனை அனுபவ ஞானம் என்று கொள்வாருண்டு. வெறும் அசிரத்தை என்பதே என் கட்சி.

வயதும் சூடுமே காரணமென்றால், 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்ட் லோவும் அவருடைய சகாக்களும் நடத்திய பரிசோதனையில், பெரும்பாலும் மாணவர்களான 12 பேர் பல் துலக்குவதை நிறுத்திய மூன்று வாரங்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியதும், மறுபடி துலக்கத் தொடங்கியதும் அது தணிந்ததும் எவ்வாறு?

அதே லோ, 1993இல், ஈறு நோயை நீரிழிவின் ஆறாவது உபத்திரவமாக எண்ணினார். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால், கிருமியை விழுங்க வரும் வெள்ளணுக்களின் திறன் குன்றுகிறது. ஆயினும் அழற்சி ஓய்வதில்லையாதலால், காக்க வந்த எதிர்ப்புச் சக்தியே பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்கத் துணைபோகிறது. இம்மட்டும் நம்மவர் ஒப்புவர், ஒப்பாதது மறுபாதி. ஈறில் மூண்ட அழற்சியின் இரசாயனங்கள் இரத்தத்தில் கலந்து இன்சுலினின் வேலைக்கு இடையூறு செய்கின்றன. அரிசோனாவின் பீமா பழங்குடியினரிடையே, கடுமையான ஈறு நோயுள்ள நீரிழிவுக்காரர்களுக்குப் பிற்பாடு சர்க்கரை கட்டுக்கடங்காமற்போகும் அபாயம் அதிகம் என்று 1996இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஈறுக்குச் சிகிச்சை செய்தால், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு ஏறக்குறைய 0.4 புள்ளி குறைகிறதென்று பல பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். மருந்தை விட்டுவிட இது போதாது. அலட்சியத்தை விட்டுவிடப் போதும்.

“பல்லைச் சுத்தம் செய்தால் ஆடிப்போகும்” என்பது இதன் உடன்பிறந்த மூடநம்பிக்கை. எலும்பு கரைந்து முன்னமே ஆட்டங்கண்ட பல்லை, இடுக்கில் இறுகிய காரை அண்டைப் பல்லோடு ஒட்டிவைத்திருக்கும். அதைச் சுரண்டி எடுத்ததும் மறைந்திருந்த ஆட்டம் வெளிப்படுகிறது. திருட்டைக் கண்டுபிடித்தவனையே திருடன் என்பதுபோல, நாம் வைத்தியரைக் குறை சொல்கிறோம்.

நீரிழிவுக்காரரின் கண்ணையும் பாதத்தையும் சோதிக்கும் வைத்தியர், வாயையும் திறந்து பார்க்கவேண்டும். அவர் கேளாவிட்டாலும், ஈறில் இரத்தங் கசிவதை நோயாளி தாமே சொல்லவேண்டும். இவ்விரண்டும் நடந்த பிறகும் பல் விழுந்தால், அப்போது விதியை நொந்துகொள்ளலாம்.