புரி அழிந்தால் பொருளும் அழிய வேண்டுமா?

ஒருவருடைய பேச்சு முன்னுக்குப் பின் முரணாயிருந்தால், "அவருக்கு மறை கழன்றுவிட்டது" என்று நகையாடுவது நம்மவர் வழக்கம். திருகாணியின் புரியைத்தான் மறை என்கின்றனர். மனிதருக்கு மறை கழன்றால் மருந்துண்டோ யாமறியோம். மோட்டார் வண்டிக்குக் கழன்றால் நல்ல மருந்துண்டு. அம்மருந்தை அறியாமையால் சீரான எஞ்சினையே கைவிட்டுப் பெரும்பொருள் இழப்போர் பலராதலின், ஸ்பார்க் பிளக் பொருந்தும் துளையின் புரியைப் பற்றி இவ்வாரம் சில கூற விழைகின்றோம். வண்டியோட்டாத அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. இது குடும்பத்தின் சேமிப்பையும் தொடும் விடயமாகும்.

பெற்றோல் எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் மேலேயுள்ள ஹெட் என்னும் மூடியில், பிளக்கைத் திருகிப் பொருத்துவதற்கு ஒரு துளை உண்டு. அதன் விட்டம் பல கார்களில் 14 மில்லிமீற்றர். அண்மைக்கால வண்டிகள் சிலவற்றில் 12 மில்லிமீற்றர். 14 மில்லிமீற்றர்த் துளையில் புரிக்குப் புரி இடைவெளி 1.25 மில்லிமீற்றர். எனவே 19 மில்லிமீற்றர் நீளமுள்ள பிளக்கைப் பற்றி நிற்பவை ஏறக்குறைய 15 புரிகளே. எஞ்சின் முழு வலுவுடன் ஓடும்போது எரிவாயுவின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப் போல் 50 மடங்குவரை உயரக்கூடும். அச்சிறு துளையின் பரப்பில் அது ஏறத்தாழ 80 கிலோ எடைக்குச் சமம். வாட்டசாட்டமான ஓர் ஆள் உள்ளிருந்து பிளக்கை உதைப்பதாகக் கொள்ளுங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 தடவை சுழன்றால், அவ்வுதை ஒவ்வொரு பிளக்கிலும் 1500 தடவை விழும்!

இத்துணை வலியதைத் தாங்கும் புரி எவ்வாறு அழிகின்றது? உலோகத்தை நோக்கினால் விடை புலப்படும். நம் நாட்டின் தெருக்களில் ஒரு காலத்தில் நிறைந்திருந்த மொரிஸ் மைனர் காரின் ஹெட் வார்ப்பிரும்பாலானது. முரட்டுக் கையையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். வண்டு உருவத்து ஃபொக்ஸ்வாகனின் ஹெட்டோ அலுமினியத்தாலானது. இன்றைய கார்களின் ஹெட்களும் பெரும்பாலும் அத்தகையனவே. அலுமினியம் எடை குறைந்தது, வெப்பத்தை விரைந்து கடத்துவது, ஆனால் மென்மையானது. பிளக்கின் உடலோ உருக்கு. மென்மையானதற்குள் வன்மையானதைக் கோணலாகச் செலுத்தினால் தோற்பது எது என்று கூறவும் வேண்டுமோ? மேலும், சூட்டில் அலுமினியம் உருக்கைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிவது. ஆகவே எஞ்சின் நன்கு ஆறும் முன்னர்ப் பிளக்கைக் கழற்றுதல் ஆகாது. களனி கங்கை கடலொடு கலக்கும் எமது முகத்துவாரம் போன்ற இடங்களில், உப்பு ஈரம் இவ்விரு உலோகங்களுக்குமிடையே புகுந்து அரிப்பை உண்டாக்கிப் பிளக்கை இறுகப் பிடிக்கச் செய்வதும் உண்டு.

எம் அயலில் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர் வசிக்கின்றார். தம் சிறிய காரைக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வாடகைக்கு ஓட்டி, அவ்வருவாயில் மகளின் பல்கலைக்கழகச் செலவைப் பார்த்துவந்தார். 2023ஆம் ஆண்டில் ஒருநாள் ஒரு கராஜில் புதிய பிளக்குகள் போடுவித்தார். அங்கிருந்த பையன் அவற்றுள் ஒன்றைக் கோணலாக நுழைத்து, நீண்ட ஸ்பானரால் வலிந்து முறுக்கினான். சில நாட்களில் எஞ்சின் "புஸ் புஸ்" என்று மூச்சுவிடலாயிற்று. பிளக்கைச் சுற்றிலும் கரி படிந்தது. "புரி போய்விட்டது, ஹெட்டையே மாற்ற வேண்டும்" என்று தீர்ப்பளித்தனர். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, பழைய கார்களும் உதிரிப்பாகங்களும் யானை விலை விற்ற காலம் அது. தனிப்பட்டோர் கார்களை இறக்குமதி செய்ய மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். மனைவியின் வளையல்களை அடகு வைக்கவும் அவர் ஆயத்தமானார்.

நற்காலமாக, உதிரிப்பாகக் கடைகளுக்குப் பேர்போன பஞ்சிகாவத்தையில் முதியவரான லேத் வேலைக்காரர் ஒருவரை யாரோ காட்டினர். அவர் ஹெட்டைக் கழற்றி, அழிந்த துளையைச் சற்றே பெருப்பித்து, புதுப்புரி வெட்டி, அதனுள் உருக்கு உறையொன்றைத் திருகி இறுக்கினார். அவ்வுறையின் உட்புறத்தில் பழைய அளவிலேயே புரி இருந்தது. வளையல்கள் கையிலேயே இருந்தன. அந்தக் கார் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றது.

இவ்வைத்தியம் இரு வகைப்படும். ஒன்று, ஹெலிக்கோயில் எனப்படும் உருக்குக் கம்பிச் சுருள். மற்றது, முதியவர் இட்டது போன்ற திண்ணிய உறை. இரண்டும் பெரிய விட்டத்தில் அலுமினியத்தைப் பற்றுவதாலும், பிளக் உருக்கின்மீதே திருகப்படுவதாலும், செவ்வையாகச் செய்த திருத்தம் பழைய புரியினும் உறுதியாயிருக்கும். விமானங்களின் பிஸ்டன் எஞ்சின்களில் இத்தகைய சுருள்களைத் தொழிற்சாலையிலேயே இடுவதுண்டு. எனினும் அடிக்கடி பிளக் கழற்றும் வண்டிக்கு உறையே மேலானது. சுருள் சிலவேளை பிளக்குடன் சேர்ந்து வெளியே வந்துவிடும். வாயிலுள்ள ஓரிரு புரிகள் மட்டும் நசுங்கியிருந்தால் இவையும் வேண்டா. புரியைச் செப்பனிடும் கருவியால் துப்புரவு செய்தாலே போதும். பசை பூசி ஒட்டுவதும், நூல் சுற்றித் திருகுவதும் வைத்தியமாகா. ஓடும் வழியில் பிளக் தெறித்துப் பறக்கும்.

வேலையை ஒப்படைக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டறிதல் நன்று. புரி வெட்டும்போது உதிரும் அலுமினியத் துகள் சிலிண்டருக்குள் விழாதிருக்க என்ன செய்வீர்கள்? ஹெட்டைக் கழற்றிச் செய்தல் தலைசிறந்தது. கழற்றாவிடின், வெட்டும் கருவியில் கிறீஸ் தடவித் துகளைப் பிடித்து, சிறிது வெட்டியதும் வெளியெடுத்துத் துடைத்து, மீண்டும் வெட்டுதல் வேண்டும். துளை பழைய அச்சிலேயே நேராக அமையுமா? கோணினால் பிளக் தன் இருக்கையில் சரியாக அமராது, வாயு கசியும். உறையின் அடிநுனி எரியும் அறைக்குள் நீண்டிருக்குமா? நீண்டால் அது பழுக்கக் காய்ந்து, பொறி விழுமுன்னரே எரிபொருளைப் பற்றவைத்துவிடும். இம்மூன்றுக்கும் பொறுமையாக விடை கூறுபவரே கைதேர்ந்தவர்.

வருமுன் காப்பது இன்னும் எளிது. பிளக்கின் பின்தலையில் ஒரு துண்டு இறப்பர்க் குழாயைச் செருகி, துளையில் வைத்து, முதலில் இடப்புறமாக மெல்லத் திருப்புக. புரியோடு புரி இணங்கும் இடத்தில் சிறிய "டக்" விரலுக்குத் தெரியும். பின்னர் வலப்புறமாகத் திருகுக. கோணலாயின் குழாய் தானே வழுக்கி எச்சரிக்கும். ஸ்பானருக்கு அவ்வறிவு கிடையாது. அடிவரை விரலாலேயே சென்ற பின்னர், வாஷருள்ள புதிய 14 மில்லிமீற்றர்ப் பிளக்காயின் ஸ்பானரால் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை போதும். வாஷரில்லாத கூம்பு வகைக்குப் பதினாறில் ஒரு சுற்றே அளவு. கழன்றுவிடுமோ என்று அஞ்சி மேலும் முறுக்குவோரே புரியை அழிப்போர்.

அடுத்த முறை பிளக் மாற்றுகையில் அருகே நின்று பாருங்கள். விரலுக்கு முன் ஸ்பானர் புறப்பட்டால், "தம்பி, முதலில் கையால் திருகும்" என்று கூறத் தயங்காதீர்கள். அந்த ஒரு சொல் ஓர் ஹெட்டின் விலை பெறும்.