கடல் சொல்லும், கொழும்பு சொல்லுமா?

2004 டிசெம்பர் 26 காலை ஏழு மணியளவில் சுமாத்திரா அருகே கடலடி அதிர்ந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின்னரே பேரலை நம் கிழக்குக் கரையைத் தாக்கியது. ஈச்சிலம்பற்றும் தப்பவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் நம்மை எச்சரித்தவர் யார்? எவருமிலர்! இலங்கையில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இன்று இந்துமாக்கடலின் அடியில் அழுத்தமானிகள் உள. பேரலை மேலே கடந்தால் அவை உணர்ந்து, மிதவை வழியே செய்மதிக்கு அறிவிக்கும். இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் நிலையங்கள் 2011 முதல் அண்டை நாடுகளையும் எச்சரித்து வருகின்றன. யப்பானோ, 2011 பேரழிவின் பின் 150 கருவிகளைக் கடலடிக் கம்பிவடத்தில் கோத்து வைத்துள்ளது.

ஆனால் கொழும்புக்கு எட்டிய செய்தி, வெருகலில் வயல் உழுபவருக்கும் கொட்டியாரக் குடாவில் வலை வீசுபவருக்கும் எம்மொழியில், எத்தனை நிமிடத்தில் எட்டும்? கரையோரம் கோபுரங்கள் நாட்டினோமே என்பர் ஆட்சியாளர். கோபுரம் நின்றாற் போதுமா? பேச வேண்டாமா? புரியாத மொழியில் ஒலிப்பது எச்சரிக்கையாகுமா?

1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆகவே நாம் கேட்பது சலுகையன்று. சட்டம் தந்த உரிமை. இரவு பகலாகத் தமிழறிந்த அலுவலர் கடமையில் இருத்தல் வேண்டும். கரையோரக் கிராமந்தோறும் தமிழில் அறிவித்தல் வேண்டும். ஆண்டுதோறும் ஒத்திகை நடத்துதல் வேண்டும்.

உழவர்களே, கற்றோரே! இதனை ஒன்றுபட்டுக் கேளுங்கள். அலை வந்தபின் கேட்டுப் பயனில்லை.