நான்கே நகர்வில்



நானுஓயாவில் நடந்த பாடசாலைச் சதுரங்கப் போட்டி ஒன்றுக்கு மாணவர் ஐவரை அழைத்துச் சென்றிருந்தேன். ஏழாந் தரத்துப் பிள்ளை ஒருவன் முதற் சுற்றிலேயே நான்கு நகர்வில் தோற்று வெளியே வந்தான். "சேர், இனி நான் விளையாட மாட்டேன்" என்றான். கண் கலங்கியிருந்தது.

பிள்ளைகள் பலர் விழும் குழி இது. 'ஸ்கொலர்ஸ் மேட்' என்பார்கள். இரு தரப்பும் ராஜாவுக்கு முன்னுள்ள காலாளை இரண்டு கட்டம் நகர்த்துகின்றன. வெள்ளை ராணி உடனே வலது ஓரத்துக்குப் பாய்கிறாள். கறுப்பு தன் காலாளைக் காக்க ராணிப் பக்கக் குதிரையை எடுக்கிறது. பிறகு வெள்ளை பிஷப் வருகிறது. இப்போது ராணி, பிஷப் இரண்டின் குறியும் எஃப் 7 கட்டத்துக் காலாள் மீதே. அதற்கு ராஜாவைத் தவிர வேறு காவல் கிடையாது. நம் பிள்ளை இதைக் கவனியாமல் மற்றக் குதிரையை எடுத்தான். ராணி அந்தக் காலாளை வெட்டினாள், ஆட்டம் முடிந்தது. அந்தக் குதிரைக்கு முன்னிருந்த காலாளை ஒரு கட்டம் தள்ளியிருந்தால் ராணி பின்வாங்க வேண்டியிருக்கும். அவள் மீண்டும் அதே காலாளைக் குறி வைத்தால், அப்போது குதிரையைக் குறுக்கே வைத்து மறைத்துவிடலாம்.

பகல் இடைவேளையில் பலகையை விரித்து இதைக் காட்டினேன். கூடவே பழைய கதையொன்றும் சொன்னேன். அரபிகள் ஆடிய ஷத்ரஞ்சில் ராணி இல்லை. அந்த இடத்தில் பிர்ஸான் எனும் அமைச்சர். அவர் மூலைவாட்டில் ஒரேயொரு கட்டம்தான் நகர்வார். ஆகவே நான்கு நகர்வில் எவரும் இப்படித் தோற்க வழியில்லை. ஆட்டக்காரர்கள் முதலில் தங்கள் படையை ஆறுதலாக அணிவகுப்பார்கள். அந்த அணிவகுப்புக்குத் 'தஃபியா' என்று பெயர். இன்றும் சதுரங்க வல்லுநர்கள் ஆரம்ப நிலைகளுக்கு இச்சொல்லையே வழங்குகிறார்கள். கலீஃபா முக்தஃபீயின் (902–908) சபையில் மாவர்தீ என்ற ஆட்டக்காரரை வென்ற அஸ்ஸூலீ இக்கலை பற்றி நூல்களும் எழுதினார். ராணிக்கு இன்றைய வேகம் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில்தான் கிடைத்தது.

"அப்படியென்றால் நான் அந்தக் காலத்தில் பிறந்திருக்கலாம், சேர்" என்றான். ளுஹர் தொழுதுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போனான்.

அன்றிரவு அவனுடைய வாப்பா தொலைபேசியில் பேசினார். "மௌலவி, இந்த விளையாட்டு கூடுமா?" நியாயமான கேள்வி. பந்தயமும் தொழுகை தவறுதலும் இல்லாவிடில் மக்ரூஹ் என்பதே நமது ஷாஃபிஈ மத்ஹபின் பிரபல்யமான கருத்து. ஏனைய மத்ஹபுகளின் அறிஞர் பலர் ஹராம் என்றே சொல்லியிருக்கிறார்கள். இரண்டையும் மறைக்காமல் சொன்னேன், முடிவு அவருடையது. சற்று நேரம் பேசாமலிருந்தார்.

"சரி, இரண்டாவது சுற்றில் என்ன செய்தான்?"

"தோற்றான். ஆனால் முப்பத்தொரு நகர்வு நின்றான்" என்றேன்.