கியர் பெட்டிக்கும் ஒரு நாற்காலி வேண்டும்!

பழைய காரின் கியர் பெட்டியைக் கழற்றித் தரையில் வைக்கிறார்கள். கீழே ஒரு சாக்கு. சுற்றிலும் மண்ணும் எண்ணெயும். குந்தி உட்கார்ந்து வேலை தொடங்குகிறது. கருமத்தம்பட்டிப் பக்கம் மட்டும் அல்ல, பல ஊர்ப் பட்டறைகளிலும் இதுவே வழக்கம்.

இந்த வழக்கத்தை விட்டுவிட வேண்டும். பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால், அதைத் தாங்கிப் பிடிக்க ஓர் இரும்பு ஸ்டாண்டு செய்துகொள்ள வேண்டும்.

"அதற்கு எதற்கு வீண் செலவு? எங்கள் குருநாதர் தரையில் வைத்துத்தானே வேலை பார்த்தார்!" என்பார்கள். பார்த்தார், உண்மை. மாலையில் வீட்டுக்கு வந்ததும் இடுப்புக்குத் தைலம் கேட்டதும் உண்மை. அதை அவர் மனைவியிடம் கேட்டால் தெரியும்!

பெட்டிக்குள் என்ன?

மேடு ஏற இழுவை வேண்டும். சமவெளியில் வேகம் வேண்டும். எஞ்சினின் சுழற்சியைத் தேவைக்கு ஏற்ப மாற்றித் தருவது கியர் பெட்டியில் உள்ள பல்சக்கரங்கள். பழைய பெட்டிகள் பலவற்றில் கீழ்த்தண்டு, மெல்லிய ஊசி உருளைகளின் மேல் சுழலும். தண்டை உருவியதும் அவை பொலபொலவென்று உதிரும். சில பெட்டிகளில் சிறு குண்டுகள் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் இருக்கும். சற்று அசந்தால் துள்ளி ஓடிவிடும்.

மண்ணில் விழுந்த ஊசி ஒன்று கிடைக்காமல் போனால் என்ன ஆகும்? தண்டு சாயும். பற்கள் ஒன்றை ஒன்று அரைக்கும். புதுச் சக்கரம் எளிதில் கிடைக்குமா? அம்பாசிடர் கார் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. பழைய இரும்புக் கடைகளில் அலைய வேண்டும். அல்லது லேத் பட்டறையில் புதிதாக வெட்டச் சொல்ல வேண்டும். ஸ்டாண்டுக்கு ஆகும் செலவா பெரிது?

செய்வது எப்படி?

ஆங்கிள் இரும்பில் அகலமான அடிச்சட்டம் செய்ய வேண்டும். அதன் மேல் உறுதியான கால். கால் உச்சியில் படுக்கை வாட்டில் ஒரு தடித்த குழாய். அதற்குள் சுழலும் இன்னொரு குழாய். உள்குழாயின் முனையில் கனமான தகடு. பெட்டி எஞ்சினோடு சேரும் முகத்தை அட்டையில் படி எடுத்து, அதே இடங்களில் தகட்டில் துளை போட வேண்டும். பெட்டியை அதில் போல்ட் போட்டு முடுக்கலாம். இரண்டு குழாய்களையும் சேர்த்துத் துளைத்து ஒரு முளை செருகினால், வேண்டிய பக்கம் திருப்பி நிறுத்தலாம். உதிர்வதைப் பிடிக்கக் கீழே ஒரு தட்டு. எண்ணெயும் அதில் வடியும்.

அடிச்சட்டம் பெட்டியைத் தாண்டி வெளியே நீண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்டாண்டு முன்பக்கம் கவிழும். காலில் விழுந்தால் எலும்பு முறியும்.

சோமனூர், கருமத்தம்பட்டி வட்டாரத்தில் விசைத்தறிக்குப் பஞ்சம் இல்லை. கழித்த தறியின் சட்டம் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கிவிடக் கூடாது. அது வார்ப்பு இரும்பு. சாதாரண வெல்டிங் அதில் சரியாக நிற்காது, விரிசல் விடும். வேலை முடிந்ததும் பெட்டியை விட இரண்டு மடங்கு கனமுள்ள மணல் மூட்டையைத் தொங்கவிட்டு ஒரு நாள் பார்ப்பது நல்லது.

கருவி செய்வதற்குக் கொங்கு நாட்டார் கூச்சப்படத் தேவை இல்லை. கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி.டி.நாயுடு, 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கியவர். அவர் பெயர் சொல்லும் கார் அருங்காட்சியகம் கோவை அவிநாசி சாலையில் 2015 முதல் இருக்கிறது. குழந்தைகள் அங்கே பளபளக்கும் வண்ணத்தைப் பார்ப்பார்கள். கூடப் போகும் மெக்கானிக் அப்பா, காரின் அடியில் குனிந்து பார்ப்பார். கியர் பெட்டி அங்கேதான் இருக்கிறது.